கேளுங்கள், கொடுக்கப்படும்: ஆமணக்கா, சுரைக்காயா?

போன இதழ்ல எங்க ஆச்சியோட பைபிளைப் பத்தி நாலு வரி எழுதினேன், அட்டை போயி, சங்கீதம் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு பழுப்பேறிப் போன புத்தகம்னு. அதுக்கு தமிழ் பைபிளைப் பத்தி இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. பாதிப்பேர் பாராட்டியிருக்கீங்க, பாதிப்பேர் "பழைய மொழிபெயர்ப்பைத் தொடாதே"ன்னு முன்கூட்டியே திட்டியிருக்கீங்க. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன், விட்டுப்போனா கோவிச்சுக்காதீங்க.

சார், நான் சி.எஸ்.ஐ., எங்க வீட்டுக்காரர் ஆர்.சி. ஒரே கர்த்தர் ஜெபம்தான், ஆனா அவங்க சீக்கிரமா ஆமென் சொல்லி முடிச்சிடறாங்க, நாங்க மட்டும் இழுத்துட்டே போறோம். எது சரி? (வாசகி, நாசரேத்)

அம்மா, இந்தக் கூத்து என் கலியாணத்துலயே நடந்துச்சு. பொண்ணு வீடு ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர், நாங்க சி.எஸ்.ஐ., சீர்திருத்த சபை. விருந்துக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்ணுவோம்னு யாரோ ஆரம்பிச்சு வெச்சாங்க. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு எங்க பக்கம், "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே"ன்னு அந்தப் பக்கம், நடுவுல சந்தைக்கடை மாதிரி ஒரு இரைச்சல். கடைசில தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும், ஆமென்னு அவங்க முடிச்சுட்டு இலையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க, எங்க ஐயர், அதான் எங்க சபைப் பாதிரியார், மட்டும் கண்ணை மூடிட்டு "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்"னு போயிட்டே இருக்கார். என் மாமனார் எடுத்த அப்பளத்தைத் திரும்ப இலையிலயே வெச்சுட்டார் பாவம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மத்தேயு 6ஆம் அதிகாரத்துல வர்ற அந்தக் கடைசி வரி, நமக்குக் கிடைச்சிருக்கிற ரொம்பப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள்ல கிடையாது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதி, சீனாய் பிரதி ரெண்டிலயும் இல்ல. பிற்காலப் பிரதிகள்லதான் ஏராளமா வருது. லூக்கா 11ல இருக்கிற சின்ன ஜெபத்துலயும் அது இல்ல. அதுக்காக யாரோ சமீபத்துல ஒட்ட வெச்சதுன்னும் சொல்லிட முடியாது, ஏன்னா திதாக்கேன்னு ஒரு மிகப் பழைய சபை ஒழுங்குப் புத்தகம் இருக்கு, அதுல கிட்டத்தட்ட இதே முடிவு வருது. ஜெபத்தைச் சொல்லி முடிக்கும்போது ஜனங்க வாயில வந்த வரி, எழுதுறவங்க கை வழியா புத்தகத்துக்குள்ள போயிருச்சுன்னுதான் பெரும்பாலான ஆராய்ச்சிக்காரங்க நினைக்கிறாங்க. சீர்திருத்த சபைகளோட பழைய மொழிபெயர்ப்பு எல்லாம் பிற்காலப் பிரதிகளை வெச்சு செஞ்சது, அதனால நமக்கு அந்த வரி வந்துச்சு. ஆர்.சி.க்கு லத்தீன் வழி, லத்தீன்ல அது இல்ல. இன்னொண்ணு கவனிச்சுப் பாருங்க, இப்ப பூசைல ஃபாதர் நடுவுல ஒரு மன்றாட்டு சொன்ன பிறகு, அவங்களும் அதே வரியை சொல்றாங்க. கொஞ்சம் லேட்டா வருது, அவ்வளவுதான். அடுத்த தடவை வீட்டுக்காரரை இலைக்கு முன்னாடி இன்னும் பத்து செகண்ட் உட்கார வெச்சுப் பாருங்க.

எங்க தாத்தா பராபரன்னு ஜெபம் பண்ணுவார், அப்பா தேவன்னு சொல்வார், என் பையன் ஸ்கூல்ல கடவுள்னு படிக்கிறான். மூணு தலைமுறைக்கு மூணு பேரா? (வாசகர், பாளையங்கோட்டை)

மூணு இல்லீங்க, எண்ணிப் பார்த்தா அஞ்சு ஆகும். 1578ல கொல்லத்துல அண்டிரிக் அடிகளார் அச்சடிச்ச 16 பக்கப் புத்தகத்தோட பேரே தம்பிரான் வணக்கம். தமிழ் எழுத்துல அச்சான, இன்னைக்கும் கைல இருக்கிற முதல் புத்தகம் அது, அதுல ஆண்டவனுக்கு வந்த பேர் தம்பிரான். அப்புறம் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காலத்துல இருந்து கத்தோலிக்கர் கிட்ட சர்வேசுரன் நிலைச்சுது. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கும் முதல்ல அதையே எடுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் வந்த ஃபப்ரீஷியஸ் அய்யர்தான் பராபரன்னு வெச்சார், உங்க தாத்தா வீட்டுப் பைபிள் அநேகமா அவரோடதா இருக்கும், லுத்தரன் சபைக்காரங்க அதை ரொம்ப காலம் விடல. பாளையங்கோட்டை ரேனியஸ் அய்யர் 1800களோட ஆரம்பத்துல திருத்தம் பண்ணும்போது தேவன்னு மாத்தினார், 1871ல முழுசா வந்த ஹென்றி பவர் அய்யர் மொழிபெயர்ப்பும் தேவன்னே வெச்சுது, நாம பழைய வேதாகமம்னு சொல்றது அதைத்தான். 1936 திருத்தத்துலயும் கத்தோலிக்கரும் நாமளும் சேர்ந்து செஞ்ச 1995 பொது மொழிபெயர்ப்புலயும் கடவுள்.

ஒவ்வொரு பேருக்கும் ஒரு வழக்கு உண்டு. சர்வேசுரன்ல ஈசுவரன் இருக்கார்னு ஒரு ஆட்சேபம். பராபரன்னா தாயுமானவர் பாட்டுல வர்ற பராபரமேதானேன்னு இன்னொரு ஆட்சேபம், ஆனா அர்த்தம் கனமானது. தேவன்னா முப்பத்து முக்கோடியில ஒருத்தரான்னு கேட்டாங்க, அந்தக் கேள்வி நியாயமானதுதான். ரேனியஸ் பழைய வாசகத்துல கை வெச்சப்ப தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாருக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்ல, ஃபப்ரீஷியஸ் வாசகத்தைத் தொடாதேன்னு எழுதி எழுதித் தள்ளினார். அவர் சாதாரண ஆள் இல்ல, பெத்லகேம் குறவஞ்சி பாடினவர், தமிழ் தெரியாம சண்டை போடல. எனக்கு என்னமோ பராபரன் போனதுல இன்னைக்கும் வருத்தம்தான். வாயில சொல்லிப் பாருங்க, அந்தச் சொல்லுக்கு ஒரு தூரம் இருக்கு.

தமிழ்ல முதல் பைபிள் எங்க அச்சாச்சு? எக்ஸாமுக்கு வேணும், ஷார்ட்டா சொல்லுங்க. (கல்லூரி மாணவி, மயிலாடுதுறை)

உங்க ஊருக்குப் பக்கத்துலயே, தரங்கம்பாடில. டேனிஷ் கோட்டை இருக்கே, அந்த ஊர். சீகன்பால்க் 1706ல வந்தார், ஜெர்மன்காரர், அப்ப வயசு 24 கூட முடியல. உள்ளூர் வாத்தியார் ஒருத்தரைப் பிடிச்சு, சின்னப் பிள்ளைங்களோட தரையில உட்கார்ந்து மணல்ல அ ஆ எழுதிப் படிச்சார். 1708ல ஆரம்பிச்சு 1711ல புதிய ஏற்பாட்டை முடிச்சுட்டார், நடுவுல டேனிஷ் கவர்னரோட தகராறாகி நாலு மாசம் ஜெயில்ல வேற இருந்தார்.

ஷார்ட்டா கேட்டீங்க, ஆனா இதை விட மனசு வரல. லண்டன்ல இருந்து அச்சு இயந்திரம் அனுப்பின கப்பலை பிரேசில் பக்கம் ரியோ டி ஜெனிரோல பிரெஞ்சுக்காரங்க பிடிச்சுட்டாங்க, அப்புறம் எப்படியோ மீட்டு வந்தா கூட வந்த அச்சுக்காரர் வழியிலயே காய்ச்சல்ல செத்துட்டார். மிஷின் வந்துச்சு, ஓட்ட ஆள் இல்ல. ஜெர்மனில ஹாலே நகரத்துல தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினாங்க, அது குண்டு குண்டா இருந்துச்சு, அந்த அளவுல அடிச்சா இருக்கிற பேப்பர் எங்க பத்தும்? அதனால இங்கயே சின்ன எழுத்து வார்த்தாங்க, இங்கிலாந்துல இருந்து சீஸ் வந்த ஈய உறையை உருக்கித்தான் வார்த்தாங்கன்னு மிஷன் சரித்திரங்கள்ல ஒரு கதை வரும். 1714ல நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெளிவந்துச்சு, அதுக்குப் பேர் அஞ்சு வேத பொஸ்த்தகம். அஞ்சு புத்தகம், அதனால அந்தப் பேர், எவ்வளவு நேரடியா இருக்கு பாருங்க. 1715ல புதிய ஏற்பாடு முழுசா முடிஞ்சுது, இந்திய மொழி ஒண்ணுல அச்சான முதல் புதிய ஏற்பாடு. அதே வருஷம் பக்கத்துல பொறையாறுல பேப்பர் மில்லும் கட்டினாங்க. பழைய ஏற்பாட்டுல ரூத் வரைக்கும் வந்தார், 1719ல 36 வயசுல போய்ச் சேர்ந்துட்டார். மீதியை அவருக்குப் பின்னாடி வந்த ஷூல்சே முடிச்சார், 1728ல முழுசாச்சு. எக்ஸாம்ல 1714, 1715, 1728 மூணையும் குழப்பிக்காதீங்க.

பேதுரு, பவுல் எல்லாரையும் நம்ம பைபிள் "சொன்னான், போனான்"னு அவன் இவன்னு சொல்லுது. மரியாளைக்கூட "என்றாள்"னு. மரியாதை இல்லாம ஏன் எழுதினாங்க? (வாசகர், கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி, இந்தத் தடவை வந்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

கிரேக்கத்துல இந்தத் தொல்லையே கிடையாது. அங்க அரசன் சொன்னாலும் அடிமை சொன்னாலும் வினைச்சொல் ஒண்ணுதான். தமிழ்ல அப்படி முடியாது, ஒருத்தர் வாயைத் திறந்தாரா திறந்தானான்னு முடிவு பண்ணாம ஒரு வரிகூட எழுத முடியாது. அப்ப மொழிபெயர்க்கிறவர் மூலத்துல இல்லாத ஒரு தீர்ப்பைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதிட்டே போகணும். 19ஆம் நூற்றாண்டுல பண்ணின முடிவு என்னன்னா, ர் விகுதி ஆண்டவருக்கு மட்டும், இயேசு சொன்னார், மத்தவங்க எல்லாம் அவருக்குக் கீழ, அதனால பேதுருவும் சொன்னான், பிலாத்துவும் சொன்னான், யூதாசும் சொன்னான். ஒரு விதத்துல அதுல ஒரு அழகு இருக்கு, வரிசையா ன் ன்னு போயிட்டு இருக்கும்போது ர் வந்தா யார் பேசுறாங்கன்னு கேட்கிறவனுக்கு உடனே தெரியும். பெரிய கோயில்ல மைக் இல்லாத காலத்துல கடைசி பெஞ்சுக்கு அது உதவியிருக்கும்னு எனக்குத் தோணும். ஆனா இன்னைக்கு ஒரு எழுபது வயசு அம்மாவை என்றாள்னு வாசிக்கும்போது உங்களுக்கு உறுத்துது, எனக்கும் உறுத்தும். 1995 மொழிபெயர்ப்புல பேதுருவுக்கும் மரியாவுக்கும் ர் குடுத்துட்டாங்க.

இதைவிட நுணுக்கமா ஒண்ணு இருக்கு, நாம், நாங்கள். கிரேக்கத்துல ரெண்டுக்கும் ஒரே சொல். மாற்கு 4ஆம் அதிகாரம், படகுல புயல், ஆண்டவர் தலையணை வெச்சுத் தூங்கிட்டு இருக்கார், சீஷர்கள் எழுப்புறாங்க. பழைய வேதாகமத்துல "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா"ன்னு இருக்கும். நாங்கள்! அதாவது நாங்க சாகப் போறோம், நீர் சாக மாட்டீர். படகு ஒண்ணு, தண்ணி ஒண்ணு, மூழ்கினா எல்லாரும்தானே மூழ்கணும், அப்ப நாம்னு போட்டா அவரும் நம்மளை மாதிரி மூழ்கப்போற ஆளுன்னு அர்த்தம் வந்துரும், நாங்கள்னு போட்டா பயத்துலயும் அவங்களுக்கு அவர் யாருன்னு பாதி தெரிஞ்சிருச்சுன்னு அர்த்தம் வந்துரும். இந்த வித்தியாசத்தை எழுத கிரேக்கத்துல வழியே இல்ல, தமிழ்ல எழுதித்தான் ஆகணும். 1995காரங்க இதுல இருந்து சாமர்த்தியமா நழுவிட்டாங்க, "சாகப்போகிறோமே!"ன்னு வினையை மட்டும் வெச்சுட்டு நாமையும் நாங்களையும் விட்டுட்டாங்க. வினைமுற்றுல ஓம் ஒண்ணுதானே. தமிழ் தெரிஞ்சவன் செய்யற வேலை அது. ஆனா படகு ஆடிட்டு இருக்கும்போது எனக்கு அந்தப் பழைய "நாங்கள்"தான் உண்மையா கேட்குது, ஏன்னா பயந்தவன் அப்படித்தான் கோபமா பேசுவான், "நாங்க செத்தா உனக்கென்ன"ன்னு.

ஆறுமுக நாவலர் பைபிளை மொழிபெயர்த்தவர் எண்டு சொல்லுகினம், அவர் சைவத்துக்காகவே வாழ்ந்த மனுசன், உது உண்மையோ? (வாசகர், வட்டுக்கோட்டை)

உண்மைதான் ஐயா. யாழ்ப்பாணத்துல பெர்சிவல் பாதிரியார் நடத்தின வெஸ்லியன் பள்ளிக்கூடத்துல படிச்சு, அங்கயே வாத்தியாராகவும் இருந்தவர் அவர். பாதிரியார் பைபிள் மொழிபெயர்ப்பை எடுத்தப்ப தமிழ் நடையைப் பார்த்துக்கிட்டது ஆறுமுகம் பிள்ளை. நாவலர் பட்டம் திருவாவடுதுறை ஆதீனம் குடுத்தது 1849ல, அதனால வேலை நடக்கும்போது அவர் நாவலர் இல்ல, இருபத்துச் சொச்ச வயசுப் பையன். மொழிபெயர்ப்பை சென்னைக்குக் கொண்டுபோய் மகாலிங்கையர்ங்கிற தமிழ்ப் புலவர் கிட்ட காட்டி சரின்னு வாங்கினாங்கன்னு அவர் வரலாற்றை எழுதினவங்க சொல்வாங்க. 1850ல அச்சாச்சு. ஆனா தமிழ்நாட்டுப் பக்கத்து மிஷனரிகள் அதை ஏத்துக்கல, தங்களுக்குப் பழகின வாசகத்தை விட்டு ரொம்ப விலகிப் போச்சுன்னு குறை சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் எல்லா சபைக்கும் பொதுவா ஒண்ணுன்னு பவர் அய்யர் குழு உட்கார்ந்துச்சு, யாழ்ப்பாணத்துக்காரங்களையும் கலந்துக்கிட்டாங்க.

இதுல எனக்கு ருசியான பகுதி வேற. பைபிளை வரிக்கு வரி படிச்ச அந்த ஆளு 1848ல வண்ணார்பண்ணைல சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார், 1854ல சைவ தூஷண பரிகாரம்னு ஒரு புத்தகம் போட்டார். கோயில்ல விளக்கு ஏத்துறீங்க, தூபம் போடறீங்க, படையல் வைக்கிறீங்கன்னு கேலி பண்ணின பாதிரிமாருக்கு, உங்க பழைய ஏற்பாட்டுல எருசலேம் ஆலயத்துல நடந்தது என்னன்னு அவங்க புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். வேற யாராலயும் அப்படி அடிச்சிருக்க முடியாது, வேலை பார்த்தவர் இல்லையா.

"ஊசியின் காதிலே ஒட்டகம்" தப்பான மொழிபெயர்ப்பு, அது கயிறுதான்னு ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு வந்துச்சு. நிஜமா? (வாசகி, சென்னை)

வர்ற ஃபார்வர்டுக்கெல்லாம் பதில் எழுதினா எனக்குத் தனி இதழ் வேணும். ஒட்டகம்தான். கிரேக்கத்துல ஒட்டகம் கமேலோஸ், கப்பல் கயிறு கமிலோஸ்னு ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், அதை வெச்சு இந்த யோசனை பழங்காலத்துலயே வந்துச்சு, ஆனா நல்ல பழைய பிரதிகள் எல்லாத்துலயும் ஒட்டகமேதான். எருசலேம்ல ஊசி வாசல்னு ஒரு குட்டிக் கதவு இருந்துச்சு, ஒட்டகம் முட்டி போட்டு நுழையும்னு இன்னொரு கதை, அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரமே இல்ல. யூதர்களோட தல்மூத்ல யானை ஊசிக் காதுல நுழையற மாதிரி ஒரு பேச்சு வரும், அதே ஜாதிப் பேச்சுதான் இதுவும். கயிறா இருந்தா மட்டும் நுழைஞ்சிருமா என்ன?

கத்தோலிக்க பைபிள்ல மட்டும் ஏன் புக்ஸ் ஜாஸ்தி? (வாசகர், மதுரை)

அவங்களுக்கு 73, சீர்திருத்த சபைக்கு 66. கி.மு. 3ஆம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியாவுல யூத வேதத்தைக் கிரேக்கத்துக்கு மாத்த ஆரம்பிச்சாங்க, எழுபதின்மர் மொழிபெயர்ப்புன்னு பேர். அந்தத் தொகுப்போட தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக்னு சில புத்தகங்களும் சேர்ந்து வந்துச்சு. எபிரேயத் தொகுப்புல அது இல்ல. ஆரம்பகால சபை கிரேக்கத்துலதான் படிச்சுது, அதனால அதுவும் கூடவே வந்துச்சு. சீர்திருத்தத்தைத் தொடங்கின லுத்தர் அதைத் தூக்கி வீசல, 1534 பைபிள்ல தனியா ஒரு பகுதியா வெச்சு, வேதத்துக்கு சமம் இல்ல, ஆனா படிக்க நல்லதுன்னார். கத்தோலிக்க ஆயர்கள் கூடின திரெந்து சங்கம் 1546ல அவை வேதமேன்னு தீர்மானம் போட்டுது. 1611 ஆங்கில ஜேம்ஸ் ராஜா பைபிள்லகூட அந்தப் புத்தகங்கள் இருந்துச்சு, ஷூல்சேயோட தமிழ்லயும் இருந்துச்சு. 1826ல பிரிட்டிஷ் பைபிள் சொசைட்டி இதுக்கெல்லாம் இனிமே காசு செலவழிக்க மாட்டோம்னு சொன்ன பிறகுதான் மெதுவா காணாமப் போச்சு. மதுரைக்காரர் நீங்க, தோபித்து மட்டுமாவது படிச்சுப் பாருங்க, நாய்க்குட்டியோட ஊர் போற கதை, சுவாரசியமா இருக்கும்.

பத்தாம் வகுப்பு புக்ல தேம்பாவணி வருது, அதுல யோவானைக் கருணையன்னும் சூசையப்பரை வளன்னும் போட்டிருக்காங்க. வீரமாமுனிவர் ஏன் பேரை மாத்தினார்? (மாணவன், திருச்சி)

தம்பி, அவர் பேரை மாத்தல, மொழிபெயர்த்தார். சூசைன்னா யோசேப்பு, அந்த எபிரேயப் பேருக்கு அவர் கூட்டுவார், பெருக்குவார்னு பொருள், பெருகறது வளம், ஆக வளன். யோவான்னா கடவுள் கருணை காட்டினார், ஆக கருணையன். இதை நான் முதல்ல தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, ஒரு இத்தாலிக்காரர் எபிரேயத்துக்கும் தமிழுக்கும் நடுவுல லத்தீனைத் தொடாம நேரா ஒரு பாலம் போட்டிருக்கார். சின்னப்பர்ங்கிற பேரும் அந்த மாதிரிதான், பவுலுஸ்னா லத்தீன்ல சின்னவன். உங்க கிளாஸ்ல சின்னப்பன்னு யாராவது இருந்தா சொல்லுங்க, அவன் பேர் பவுல்தான்னு.

தேம்பாவணி 1726ல முடிஞ்சுது, 3615 பாட்டு, 36 படலம். கம்பர் கோசல நாட்டை வர்ணிச்சா மாதிரி இவர் யூதேயாவை நாட்டுப் படலம் நகரப் படலம்னு வர்ணிப்பார், அந்த வறண்ட பூமில நம்ம காவேரிக்கரை மாதிரி வயலும் வாய்க்காலும் ஓடும். அது தப்பான்னு கேட்டா, காப்பியத்துக்கு அது இலக்கணம். ஆனா இவரே தரங்கம்பாடி மிஷன்காரங்களோட தமிழை வேத விளக்கம்ங்கிற புத்தகத்துல கிண்டல் பண்ணித் தள்ளினார். அவங்க தெருவுல பேசற தமிழ்ல ஜனத்துக்குப் போய்ச் சேரணும்னு அடிச்சாங்க, இவர் புலவன் தலையாட்டணும்னு பாடினார், ரெண்டு தரப்பும் ஒரே காலத்துல சில நாள் பயண தூரத்துல இருந்துக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் சகிச்சுக்கல. இதே மாதிரி பாடினவங்க வரிசை அப்புறமும் உண்டு, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894ல இரட்சணிய யாத்திரிகம் 3766 பாட்டு, கண்ணதாசன் இயேசு காவியம், அது அவர் போன பிறகு 1982ல வந்துச்சு. பரீட்சைக்கு வளனும் கருணையனும் போதும், மீதி லீவுல.

அச்சுப் பிழையால ஏதாவது பெரிய விவகாரம் ஆயிருக்கா? (வாசகர், பெங்களூரு)

லண்டன்ல 1631ல அடிச்ச ஒரு ஆங்கில பைபிள்ல பத்துக் கட்டளைல ஒரு "நாட்" விட்டுப்போச்சு. எந்தக் கட்டளைன்னா, விபசாரம். அதாவது செய்வாயாகன்னு ஆயிருச்சு. அரசாங்க அச்சுக்காரங்க ரெண்டு பேருக்கும் 300 பவுண்டு அபராதம், லைசென்சும் போச்சு. பிழை திருத்துற நம்ம ஆபீஸ் தம்பிகளுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன், அன்னைக்கு ஒரு நாள் ஒழுங்கா வேலை பார்த்தாங்க.

எங்க அப்பாவுக்கு 78 வயசு. புது மொழிபெயர்ப்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், "இது பைபிளே இல்ல"ன்னு தூக்கி வெச்சுட்டார். ஒரு சொல் மாறினா என்ன சார் ஆகிடும்? (வாசகர், தூத்துக்குடி)

உங்க அப்பா தனியாள் இல்ல. இந்தச் சண்டைக்கு 1600 வயசு ஆச்சு.

ஜெரோம்னு ஒரு பண்டிதர், பெத்லகேம்ல உட்கார்ந்து எபிரேயத்துல இருந்து நேரா லத்தீனுக்கு மாத்திட்டு இருந்தார். யோனா கதை தெரியும், நினிவேக்கு வெளிய வெயில்ல உட்கார்ந்திருக்கார், ஆண்டவர் ஒரே ராத்திரில ஒரு செடியை வளர்த்து நிழல் குடுக்கிறார், மறுநாள் பூச்சி அரிச்சு அது வாடிப்போகுது. எபிரேயத்துல அந்தச் செடிக்குப் பேர் கிக்காயோன். அதுவரைக்கும் லத்தீன் ஜனங்க சுரைக்கொடின்னு கேட்டுப் பழகியிருந்தாங்க. ஜெரோம் அது சுரை இல்லன்னு ஐவிக் கொடின்னு போட்டார். இப்ப லிபியாவுல திரிப்போலி இருக்கே, அன்னைக்கு ஓயேயான்னு பேர், அங்க பிஷப் ஒருநாள் இந்தப் புது வாசகத்தைக் கோயில்ல வாசிச்சார். தலைமுறை தலைமுறையா பாடிட்டு வந்த சொல் மாறிப்போச்சுன்னு ஜனம் எந்திரிச்சு சத்தம் போட்டு, கலாட்டாவே ஆயிருச்சு, பிஷப் ஊர்ல இருந்த யூதர்கள் கிட்ட போய்க் கேட்க வேண்டி வந்துச்சு, அவங்க பழசுதான் சரின்னு சொல்லிட்டாங்க, சபையே கைவிட்டுப் போயிருமோன்னு பயந்து அவர் பழசுக்கே திரும்பினார். இதை வட ஆப்பிரிக்கால பிஷப்பா இருந்த அகஸ்டின் 403 வாக்குல ஜெரோமுக்குக் கடிதமா எழுதி, எதுக்கு ஐயா இந்த வம்புன்னு கேட்டார். ஜெரோமுக்கு மூக்கு மேல கோபம், அந்தச் செடிக்கு லத்தீன்ல பேரே இல்ல, நான் என்ன பண்றதுன்னு பதில் எழுதினார், செடி எப்படி இருக்கும்னும் விவரிச்சார், அகல இலை, திராட்சை இலை மாதிரி, சீக்கிரம் வளரும், சொந்தக் காம்புலயே நிற்கும், கொடி மாதிரி படராதுன்னு.

அந்த விவரத்தைப் படிக்கிற எந்த நம்ம ஊர்க்காரனுக்கும் அது என்னன்னு தெரியும். எங்க ஆச்சி வீட்டுக் கொல்லைல குப்பைக்குழி ஓரத்துல மழைக்கு அப்புறம் தானா முளைச்சு ஒரு மாசத்துல ஆள் உயரம் நிற்கும், இலை விரிச்ச கை மாதிரி இருக்கும், வெயில்ல ஆட்டுக்குட்டி அதுக்கடியிலதான் படுத்துக் கிடக்கும். எண்ணெய்க்கு வித்து எடுப்பாங்க, பேதிக்குக் குடுப்பாங்க. ஜெரோமும் அகஸ்டினும் எழுதி எழுதி மாய்ஞ்ச செடிக்கு, நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல ஒரு சொல் போட்டு முடிச்சுட்டாங்க, ஆமணக்குச் செடி. இன்னைக்கு ஆராய்ச்சிக்காரங்க நிறைய பேர் கிக்காயோன்னா ஆமணக்குன்னுதான் சொல்றாங்க.

அப்பா தூக்கி வெச்ச புத்தகத்தை நீங்க எடுத்து வெச்சுக்கோங்க. அவருக்குப் பழைய வேதாகமம் பெரிய எழுத்துல கிடைக்குது, அதை வாங்கிக் குடுங்க, இந்த வயசுல கண்ணுக்கு அதுதான் முக்கியம். ஒரு சாயங்காலம் ரெண்டையும் விரிச்சு வெச்சு யோனா 4ஆம் அதிகாரத்தை அவரை வாசிக்கச் சொல்லுங்க, நீங்க புதுசுல பார்த்துட்டே வாங்க. செடி வர்ற இடத்துல நிறுத்தி, ஓயேயா கதையை அவருக்குச் சொல்லுங்க. என்ன சொல்றார்னு எனக்கு ஒரு கார்டு போடுங்க.